‘பரிவர்த்தனை வெற்றி’ என்பது பதில் இல்லை: எங்கள் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வங்கியின் முதன்மைக் குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு,

என் அம்மாவின் சேமிப்புக் கணக்கில் இருந்து மூன்று தடவையாக 28,000 ரூபாய் எடுக்கப்பட்டிருக்கிறது. எடுத்தது அவர் இல்லை. எழுத்தில் புகார் கொடுத்து 58ஆம் நாள் உங்கள் அலுவலகத்தில் இருந்து பதில் வந்தது. கைரேகை சரிபார்க்கப்பட்டது, பரிவர்த்தனை வெற்றி என்று ஒரு வரி. ஏழு வேலை நாள் கடந்து வந்த புகார் என்பதால் ஏற்க இயலாது என்று இன்னொரு வரி. இரண்டுமே சரியில்லை. ஏன் சரியில்லை என்பதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். இதே இரண்டு வரியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

அம்மா விருதுநகர் மாவட்டத்து ஊர் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர். அவருக்கு ஏடிஎம் கார்டு கிடையாது. யுபிஐ தெரியாது. கையில் இருப்பது பட்டன் போன். பணம் வேண்டும் என்றால் கிளைக்கு வந்து செல்லான் எழுதி எடுப்பார். கால் வலி அதிகமான நாட்களில், ஊருக்குள் மைக்ரோ ஏடிஎம் வைத்திருப்பவரிடம் கைரேகை வைத்து எடுத்திருக்கிறார், போன வருடத்தில் இரண்டு முறை. ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைத்தால் பணம் வருகிற ஏ.இ.பி.எஸ். வசதி தன் கணக்கில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவு அவ்வளவுதான். அதை வேண்டும் என்று அவர் எந்தப் படிவத்திலும் கேட்டதாக நினைவில்லை. வேண்டாம் என்றால் நிறுத்தலாம் என்று யாரும் சொன்னதும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6.12க்கு 10,000. 6.15க்கு இன்னொரு 10,000. குறுஞ்செய்தி இரண்டும் ஆங்கிலத்தில் வந்தன. அம்மா அதை விளம்பரம் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார். சனிக்கிழமை காலை நான் போனை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அது இரண்டாவது சனிக்கிழமை, கிளை விடுமுறை. உடனே உங்கள் கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்தேன். கார்டை முடக்க ஒன்று, இணைய வங்கிக்கு இரண்டு, கடனுக்கு மூன்று என்று பதிவுக்குரல் சொல்லிக்கொண்டே போனது. விரல் வைத்துப் பணம் போயிருந்தால் எதை அழுத்துவது என்று அதில் இல்லை. ஒரு வழியாக ஆள் கிடைத்ததும் கார்டின் கடைசி நான்கு எண்களைக் கேட்டார். கார்டே இல்லை என்றேன். அப்படியானால் கணக்கு வைத்திருக்கும் கிளையில்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். புகார் எண் தரவில்லை. அந்த அழைப்பு 17 நிமிடம் நீடித்ததற்கு என் போனில் பதிவு இருக்கிறது. அடுத்து, சைபர் மோசடிகளுக்கான அரசு உதவி எண் 1930க்கு அழைத்தேன். அங்கே விவரம் கேட்டுப் பதிவு செய்துகொண்டு எண் கொடுத்தார்கள். அரசின் உதவி எண்ணில் பத்து நிமிடத்தில் நடந்த காரியம் சொந்த வங்கியில் நடக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவும் நானும் கிளையில் இருந்தோம். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், உங்கள் பதிலின் இரண்டாவது வரி இங்கேதான் உடைகிறது.

நான் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். எந்தத் தாள் கொடுத்தாலும் நகலில் முத்திரை வாங்காமல் நகர மாட்டேன். அன்றும் புகார்க் கடிதத்தை இரண்டு பிரதி கொண்டுபோயிருந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி ஒருவரே பணம் வாங்குவதும், பாஸ்புக் அடிப்பதும், பெரியவர்களுக்குச் செல்லான் எழுதிக் கொடுப்பதுமாக இருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "எஃப்.ஐ.ஆர். காப்பி கொண்டு வாங்கக்கா, அப்புறம் சிஸ்டத்துல ஏத்திடலாம்" என்றார். எஃப்.ஐ.ஆர். வரும்போது வரட்டும், இப்போது கடிதத்தை வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டுக் கொடுங்கள் என்று நின்றேன். யோசித்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். ஊதா மை. கிளையின் பெயர், தேதி, அதன் மேல் அவருடைய சுருக்கொப்பம். தேதியில் ஓர் எண் லேசாகக் கலங்கியிருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. அந்த நகலை இன்றும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

கடிதம் தட்டில் கிடந்தது. காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வந்து கொடுத்தோம். அது போதாது, எஃப்.ஐ.ஆர்.தான் வேண்டும் என்றார்கள். கடைசியில் அடுத்த வாரம் புதன்கிழமை அதைக் கணினியில் ஏற்றினார்கள். எண்ணிப் பாருங்கள், அது ஒன்பதாவது வேலை நாள். அந்தத் தேதியைத்தான் உங்கள் அலுவலகம் புகார் வந்த தேதி என்று எடுத்துக்கொண்டது. நாங்கள் கொடுத்தது முதல் வேலை நாளில். இடைப்பட்ட எட்டு வேலை நாள் தாமதம் உங்கள் தட்டில் நடந்தது. அதை எங்கள் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இந்த விஷயத்தில் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. தவறு வாடிக்கையாளர் மேலும் இல்லாமல் வங்கி மேலும் இல்லாமல் நடுவில் எங்கோ நடந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பே கிடையாது. நான்கில் இருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், ஒரு பரிவர்த்தனைக்கு, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 வரைதான் வாடிக்கையாளர் தலையில் விழும். அதையும் தாண்டினால்தான் வங்கியின் சொந்தக் கொள்கைக்குப் போகும். புகார் வந்தவுடன் பதிவு எண் தர வேண்டும், வந்த நாளையும் நேரத்தையும் குறித்து வைக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். வரும் வரை புகாரைத் தட்டில் வைத்திருக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. நான் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

சரி, முதல் வரிக்கு வருகிறேன். பரிவர்த்தனை வெற்றி.

பணம் போய்விட்டது என்றுதான் நாங்கள் வந்து நின்றோம். ஆமாம், போனது என்கிறீர்கள். இது எப்படிப் பதிலாகும்? பரிவர்த்தனை தோல்வி அடைந்திருந்தால் அம்மா கிளைக்கு வந்திருக்கவே மாட்டாரே. உங்கள் கணினியைப் பொறுத்தவரை வெற்றி என்றால், ஏதோ ஓர் இயந்திரத்தில் இருந்து போன ரேகையும் ஆதாரில் இருக்கும் ரேகையும் ஒத்துப்போயின என்று பொருள். அந்த ரேகை உயிருள்ள விரலில் இருந்து வந்ததா, எங்கிருந்தோ திருடி அச்செடுத்ததா, எந்த ஊரில் யார் பெயரில் இருக்கும் இயந்திரம், பணத்தை வாங்கிக்கொண்டு போனது யார், இதில் எதையும் அந்தச் சொல் சொல்வதில்லை. ஏ.இ.பி.எஸ்.ஸில் அடையாளத் திருட்டால் மோசடிகள் நடக்கின்றன என்று ரிசர்வ் வங்கியே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. மைக்ரோ ஏடிஎம் வைத்திருப்பவர்களை வங்கிகள் தீர விசாரித்துத்தான் சேர்க்க வேண்டும், தொடர்ந்து மூன்று மாதம் பயன்பாடு இல்லாமல் கிடந்தால் மறுபடி சரிபார்த்த பிறகே அனுமதிக்க வேண்டும் என்று 2025 ஜூன் 27 அன்று உத்தரவு போட்டது அதனால்தான். ஒழுங்குபடுத்துகிறவர்களுக்கே தெரிந்த ஓட்டை உங்கள் பதிலில் மட்டும் இல்லாமல் போய்விட்டது.

அம்மாவின் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருடம் புளி கரைத்து, பெரிய அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, சுடச்சுடப் பாத்திரம் இறக்கிய கை அது. ரேகை தேய்ந்துபோய் விரல் நுனி வழவழவென்று இருக்கும். ரேஷன் கடையில் மாதா மாதம் நடப்பதை நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். விற்பனையாளர் துணியால் விரலைத் துடைத்துவிட்டு வைக்கச் சொல்வார். சிவப்பு விளக்கு எரியும். "ரேகை விழல பாட்டி, அடுத்த விரலை வைங்க" என்பார். அடுத்த விரலும் விழாது. இன்னொரு கையின் விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கண் கருவியை எடுப்பார். சர்க்கரை வாங்க மூன்று விரலில் ஒன்றும் விழாதவருக்கு, வெள்ளிக்கிழமை மாலை மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு முறையும் முதல் தடவையிலேயே ரேகை விழுந்திருக்கிறது என்றால், கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். உங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

மூன்றாவது தடவை எப்படி நடந்தது என்று இப்போது சொல்கிறேன். திங்கட்கிழமை கொடுத்த கடிதத்தின் கடைசிப் பத்தியில், இனிமேல் பணம் போகாதபடி கணக்கில் ஆதார் வழி எடுப்பதை நிறுத்தி வையுங்கள் என்று தனியாக எழுதிக் கேட்டிருந்தேன். யாரும் நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் பாஸ்புக் பதிவு போட மறுபடி கிளைக்கு வந்திருந்தோம். வாசலுக்கு எதிரே இருக்கும் நீல பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பாஸ்புக் இருந்தது. 1.07க்குப் போன் அதிர்ந்தது. 8,000 ரூபாய், ஆதார் வழியாக. போனை எடுத்துக்கொண்டு அப்படியே கவுண்டருக்கு ஓடினேன். உங்கள் கிளைக்குள், உங்கள் கேமராவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவர் அதே நிமிடத்தில் வேறெங்கோ விரல் வைத்தார் என்பதுதான் உங்கள் மின்னஞ்சல் சொல்லும் ‘வெற்றி’. அன்றைய சிசிடிவி பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். அதற்கும் முத்திரை இருக்கிறது.

வாடிக்கையாளரே கவனக்குறைவாக இருந்தால்கூட, புகார் சொன்ன பிறகு போகும் பணம் முழுக்க வங்கியின் இழப்பு என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. புகார் கிடைத்ததும் மேற்கொண்டு பணம் போகாமல் தடுப்பது வங்கியின் கடமை என்றும் சொல்கிறது. ஆக, அந்த 8,000 பற்றி வாதிடவே ஒன்றும் இல்லை. அதையும் சேர்த்துத்தான் நிராகரித்திருக்கிறீர்கள். மூன்று தேதியையும் ஒருவராவது படித்துப் பார்த்துவிட்டு அந்தப் பதிலை எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாடிக்கையாளர் பக்கமே தவறு இருக்கும் வழக்குகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. எங்கள் அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், பணம் வரப்போகிறது என்று யாரோ சொன்னதை நம்பித் தன் யுபிஐ பின் எண்ணைத் தானே அடித்து 6,000 ரூபாயை இழந்தார். அதை வங்கிதான் தர வேண்டும் என்று அவரே கேட்கவில்லை. ஆனால் அவருக்குப் போன பதிலும் அம்மாவுக்கு வந்த பதிலும் சொல்லுக்குச் சொல் ஒன்று. பின் எண்ணே இல்லாத அம்மாவையும் பின் எண் அடித்தவரையும் ஒரே வரியில் அனுப்பி வைக்கிறீர்கள். விசாரணை நடந்திருந்தால் பதில் ஒரே மாதிரி வந்திருக்காது.

எனக்கே நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் யுபிஐயில் 2,350 ரூபாய் அனுப்பினேன். என் கணக்கில் கழிந்தது, கடைக்குப் போகவில்லை. கடைக்காரருக்குக் கையில் இருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். பணம் திரும்பியது 23ஆம் நாள். கடைக்குச் செலுத்தும் யுபிஐ பாதியில் நின்றால் ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலேயே வரவு வைக்க வேண்டும் என்பது 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை. அக்டோபர் 15ல் இருந்து நடப்பில் உள்ளது. பதினெட்டு நாள், 1,800 ரூபாய். வரவில்லை. எழுதிக் கேட்டதற்கு, அசல் தொகை திரும்பிவிட்டதால் புகார் முடிக்கப்பட்டது என்று பதில். 1,800 பெரிய தொகை இல்லைதான். கேட்காமலேயே கிடைக்க வேண்டியதைக் கேட்டும் மறுக்கிற பழக்கம் உங்களிடம் இருக்கிறது என்று காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

2017 சுற்றறிக்கையில் நான் மனப்பாடம் செய்துவிட்ட பகுதி ஒன்று உண்டு. அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனையில் தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. இங்கே நடந்ததோ தலைகீழ். அம்மா எந்த ஊருக்கும் போகவில்லை என்று அம்மா நிரூபிக்க வேண்டும். யாருக்கும் விரல் கொடுக்கவில்லை என்று அம்மா நிரூபிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய தகராறுப் படிவத்தில் "ஓடிபியை யாரிடமாவது பகிர்ந்தீர்களா" என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஓடிபியே வராத பரிவர்த்தனைக்கு அதில் என்ன எழுதுவது? எந்த இயந்திரத்தில் பணம் எடுக்கப்பட்டது என்று தேடிப் பிடிக்கும் வழி எங்களிடம் இல்லை. குறுஞ்செய்தியில் இருக்கும் 12 இலக்க எண்ணை வைத்துக்கொண்டு அந்தப் பக்க வங்கியிடமும், இந்தப் பரிவர்த்தனை வலையமைப்பை நடத்தும் என்.பி.சி.ஐ.யிடமும் கேட்க உங்களால் முடியும், எங்களால் முடியாது.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை முடித்து வைத்தது. இணையத்தில் மோசடியாகப் போன 94,204 ரூபாயை வங்கிதான் தர வேண்டும் என்று குவஹாத்தி உயர் நீதிமன்றம் சொன்னதை அது உறுதி செய்தது. வாடிக்கையாளர் உடனே புகார் சொன்னார் என்பது அந்த வழக்கில் முக்கியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த மனிதர் 94,000 ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை நிற்க வேண்டியிருந்தது. அம்மாவால் அவ்வளவு தூரம் போக முடியாது. அவருக்கு அப்போது வந்துகொண்டிருந்தது மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியம். 28,000 என்றால் பதினான்கு மாதம்.

பணத்தை விடப் பெரிய பாதிப்பு ஒன்று இருக்கிறது, அதை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. அந்த மின்னஞ்சலைத் தமிழில் படித்துச் சொன்னதில் இருந்து அம்மா தன்னையே சந்தேகப்படுகிறார். "நான்தான் எங்கயாவது தெரியாம கைய வச்சுட்டனோ" என்று ராத்திரி படுத்தபிறகும் கேட்கிறார். ரேஷன் கடையில் இப்போது விரலை நீட்டவே தயங்குகிறார், நேராகக் கண்ணைக் காட்டுகிறார். வங்கி பொய் சொல்லாது என்று நம்புகிற தலைமுறை அது. நீங்கள் விசாரிக்காமல் எழுதிய வரியை அவர் தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

நான் கேட்பவை இவை. மின்னஞ்சலில் சொன்ன முடிவைத் திரும்பப் பெற்று, புகார் தேதியை முத்திரையில் இருக்கிறபடி திங்கட்கிழமை என்று திருத்துங்கள். அதன்படி 28,000 ரூபாயையும், பணம் போன தேதியிட்டே, அம்மாவின் கணக்கில் வரவு வையுங்கள். புகார் சொன்ன பத்து வேலை நாளுக்குள் தற்காலிகமாகவாவது வைத்திருக்க வேண்டிய பணம் அது. மூன்று பரிவர்த்தனையும் நடந்த இயந்திரத்தின் எண், ஊர், அதை இயக்கியவரைச் சேர்த்த வங்கியின் பெயர், இவற்றை எங்களுக்கும் விசாரிக்கும் காவல் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். எனக்கு வர வேண்டிய 1,800ஐயும் வரவு வையுங்கள்.

எங்களோடு முடியாதவையும் உண்டு. கட்டணமில்லா எண்ணில் ஆதார் வழிப் பணம் எடுப்பதை நிறுத்த ஒரு தெரிவு வேண்டும், தமிழில், கார்டு எண் கேட்காமல். கிளையில் கடிதம் வாங்கும் அந்த நிமிடமே கணினியில் ஏற்றிப் புகார் எண் தர வேண்டும், எஃப்.ஐ.ஆர். பின்னால் வரட்டும். அதற்குக் கவுண்டரில் இன்னொரு ஆள் வேண்டும் என்றால் போடுங்கள், அந்தத் தம்பி ஒருவரால் ஆகாது. நிராகரிக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் வாடிக்கையாளரின் தவறு என்ன, அதற்கு வங்கியிடம் உள்ள ஆதாரம் என்ன என்று எழுதுங்கள். அப்படி எழுத ஆதாரம் இல்லை என்றால் நிராகரிக்காதீர்கள்.

புகாரை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. இன்று 74ஆம் நாள். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவதற்கு முன் வங்கிக்குத் தர வேண்டிய முப்பது நாள் எப்போதோ முடிந்துவிட்டதால், அவருக்கு அனுப்ப வேண்டிய மனுவையும் இரண்டு முத்திரை நகல்களோடு தயாராக வைத்திருக்கிறேன். மீதி இருக்கும் 16 நாளுக்குள் பதில் அனுப்புங்கள். அது தமிழில் இருக்கட்டும். எனக்கு வேண்டாம், அம்மாவின் பெயருக்கே தபாலில் அனுப்புங்கள். அவர் எழுத்துக் கூட்டித் தானே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒரு சத்துணவு சமையலரின் மகள்